அசனச் சோறும் ஒரு மாத்திரைச் சீட்டும்

ஒன்பது பக்கம். கோடு போட்ட நோட்டில் கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார் இந்த வாசகர். ஆள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 34 வயது. சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிராமத்தில் பிறந்தவர். அப்பா பள்ளி ஆசிரியர், சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியிலும் இருந்தவர். சாயங்காலம் ஏழு மணிக் குடும்ப ஜெபம் தவறிய நாளே வீட்டில் கிடையாது. "படிச்சு ஒரு இன்ஜினீயர் ஆயிரு, மத்ததை ஆண்டவர் பாத்துக்குவார்" என்று சொல்லி வளர்த்தார்கள். 19 வயதில் கல்லூரி விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, சபைத் தேர்தலில் இரண்டு கோஷ்டிகள் ஆலய வளாகத்துக்குள்ளேயே நாற்காலியைத் தூக்கி அடித்துக்கொண்டதைப் பார்த்தார். அடித்தவர்களில் ஒருவர் அவருக்கு ஓய்வுநாள் பள்ளியில் வசனம் சொல்லிக்கொடுத்த வாத்தியார். விஷயம் போலீஸ் ஸ்டேஷன் வரை போனது. அன்றோடு கோயிலை விட்டார்.

அப்புறம் பகுத்தறிவு வாசிப்பு. அப்புறம் 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுப் போராட்டம். ஆறு நாள் மணலில் படுத்துக்கிடந்தாராம். "அன்றைக்கு எல்லாம் மாறிவிடும் என்று நினைத்தோம். ஏழாவது நாள் புகையும் தடியடியும்தான் மிச்சம்" என்கிறார். பிறகு கம்பெனிதான் உலகம். 11 வருட வேலை, பள்ளிக்கரணையில் ஃபிளாட், இ.எம்.ஐ. 2021 மே மாதம் அப்பா கொரோனாவில் போனார். அடக்கத்துக்கு நின்றவர்கள் எட்டுப் பேர். போன வருடம் கால் மணி நேர வீடியோ அழைப்பில் வேலை போனது. பேசி முடிப்பதற்குள் லேப்டாப் பூட்டிக்கொண்டதாம். இப்போது சின்ன கம்பெனி ஒன்றில் பாதிக்குச் சற்றே மேலான சம்பளம். தூக்கம் போய், மனநல மருத்துவர் மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதினார். நான்கு மாதம் சாப்பிட்டார், தூக்கம் வந்தது.

இந்த நிலையில் அம்மாவின் வற்புறுத்தலுக்காக, ஆலயத்தில் ஊரே சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருக்கிறார். ராத்திரி அண்டாக்களுக்குப் பக்கத்தில் நின்றபோது, ஆலயத்துக்குள்ளிருந்து அப்பா வழக்கமாகப் பாடிய கீர்த்தனை ஒன்று கேட்டது. விறகுக் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அரை மணி நேரம் அழுதாராம். சென்னை திரும்பியதும் நண்பர் ஒருவர் கூட்டிப்போன சுயாதீன சபைக்குத் தவறாமல் போகிறார். அங்குள்ள பாஸ்டர் நான்கு விஷயங்கள் சொல்லியிருக்கிறார். வேலை போனது பின்மாற்றத்துக்கு, அதாவது விசுவாசத்தை விட்டு விலகியதற்கு, கிடைத்த சிட்சை (தண்டனை). மாத்திரை அவிசுவாசம். இந்துவான மனைவியோடு இருப்பது அந்நிய நுகம் (விசுவாசி அல்லாதவரோடு பிணைந்திருப்பது), ஆகவே மனைவியும் ஐந்து வயது மகளும் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும். கையிலிருக்கும் வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்கு வர வேண்டும், பி.எஃப். பணத்தைச் சபைக்குக் காணிக்கையாக, 'விதையாக' விதைக்க வேண்டும். மாத்திரையை நிறுத்திப் பன்னிரண்டு நாள் ஆகிறது. மனைவி பயந்துபோயிருக்கிறார். பழைய நண்பர்களோ, "மூளை பலவீனமா இருக்கும்போது எல்லாருக்கும் சாமி தெரியும்டா" என்று கிண்டல் செய்கிறார்கள். கடிதத்தின் கடைசி வரி இது: "எங்கள் தலைமுறை நம்பிய எதுவும் நிற்கவில்லை அம்மா. இதுவாவது நிற்குமா?"

தம்பி,

உங்கள் கடைசி வரிக்கு நானும் கடைசியில்தான் வருவேன். அதைவிட அவசரமான ஒன்று ஆறாம் பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் மாத்திரை

ராத்திரியில் தலைக்குள் ஷாக் அடித்த மாதிரி இருக்கிறது, படுக்கையிலிருந்து எழுந்தால் தள்ளாடுகிறது, பயங்கரக் கனவு வருகிறது, இது ஆவிக்குரிய போராட்டம் என்று பாஸ்டர் சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியவர்கள் என்னிடம் வந்து சொல்லும் அறிகுறிகள் வார்த்தை மாறாமல் இவைதான். தலைசுற்றல், மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு வெட்டு, எரிச்சல், கெட்ட கனவு. உங்கள் மருத்துவரை நாளைக்கே கூப்பிட்டு, எந்தத் தேதியில் நிறுத்தினேன் என்று சொல்லுங்கள். நீங்களாகவே பழைய அளவில் மறுபடி ஆரம்பிக்கவும் வேண்டாம். அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

"நன்றாகத்தானே இருந்தேன், பிறகு எதற்கு மாத்திரை?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். நன்றாக இருந்ததற்கு அந்த மாத்திரையும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். மனம் தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர்ந்து சாப்பிட்டு, பிறகு மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைப்பதுதான் வழக்கம். நான்கு மாதத்தில் வெட்டிவிட்டால் பழைய சோர்வு திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். வந்தால் அதற்கும் பின்மாற்றம் என்றுதான் பெயர் வைப்பார்கள், பாருங்கள்.

ஏழாம் பக்கத்தில், "தூங்கி அப்படியே எழும்பாமல் போனால் தேவலை என்று தோன்றுகிறது" என்று ஒரு வரி. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்த நினைப்பு வரும்போது மனைவியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நடுராத்திரியாக இருந்தாலும் 14416 என்ற எண்ணைக் கூப்பிடலாம். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது. இலவசம், தமிழில் பேசுவார்கள். தூக்கமும் போய் அந்த நினைப்பும் வலுத்தால் பொறுத்துக்கொண்டிருக்காமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசமா என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. நான் போதகர் இல்லை. ஆனால் நானும் பாளையங்கோட்டையில் ஓய்வுநாள் பள்ளியில் வசனம் ஒப்பித்து சோப்பு டப்பா பரிசு வாங்கியவள்தான். அந்த உரிமையில் ஒன்று சொல்கிறேன். வேதாகமத்தில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறாரே, அந்த இடத்தை எடுத்து வாசியுங்கள். அங்கே வருகிற தேவதூதன் எலியாவுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கின்றன. தின்றுவிட்டு மறுபடி தூங்குகிறார். மறுபடி எழுப்பிச் சாப்பாடு. நாற்பது நாள் நடையும், மெல்லிய சத்தமும் எல்லாம் அதற்கு அப்புறம்தான். மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்க்கிற எங்களுக்கும் முதல் கேள்வி அதேதான்: சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா?

இன்னொன்றும் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யை எந்த நம்பிக்கையில் கட்டினார்களோ, அதே நம்பிக்கையில்தான் அங்கே பாகாயத்தில் மனநோய்க்கென்று தனி மருத்துவமனையும் நடத்துகிறார்கள். ஜெபம் பண்ணிவிட்டு மாத்திரைச் சீட்டு எழுதுகிற டாக்டர்கள் அங்கே உண்டு. எழுதிக் கொடுத்த பிறகு ஜெபம் பண்ணுகிறவர்களும் உண்டு.

விறகுக் குவியலுக்குப் பின்னால் அழுதது

உங்கள் நண்பர்கள் சொல்வதில் ஒரு பாதி உண்மை. மனம் தொய்ந்திருக்கிற நேரத்தில் பாட்டு, மணிச்சத்தம், கூட்டம் எல்லாம் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கும். அதுவும் உங்களுக்கு அது சும்மா ஒரு பாட்டு இல்லை, அப்பாவின் பாட்டு. 2021 மே மாதத்தில் அப்பாவின் முகத்தைக்கூட நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை. வீட்டில் ஜெபக்கூட்டம் இல்லை, ஊர் வந்து உட்காரவில்லை, தலைமாட்டில் யாரும் விடிய விடியப் பாடவில்லை. அந்த வருடம் தகப்பனைப் பறிகொடுத்த எத்தனையோ பிள்ளைகள் இரண்டு மூன்று வருடம் கழித்து என் முன்னால் வந்து உட்கார்ந்து, எதற்கென்றே தெரியாமல் அழுதிருக்கிறார்கள். ஒருவருக்குப் பழைய பஜாஜ் ஸ்கூட்டரின் கிக்கர் சத்தம். உங்களுக்குக் கீர்த்தனை. அழ வேண்டிய நாளில் அழ முடியாமல் போனதை நீங்கள் அன்றைக்குத்தான் அழுதீர்கள் என்று நினைக்கிறேன்.

சரி, அப்படியானால் அது தேவன் இல்லையா, வெறும் துக்கமா? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்கிறீர்கள். நான் சொல்லமாட்டேன். பசியோடு போனதால்தான் அசனச் சோறு அவ்வளவு ருசித்தது என்றால், சோறு பொய் என்று ஆகிவிடுமா? துக்கம் உங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டிருக்கலாம். உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் துக்கம் ஆறிய பிறகும் அங்கே இருந்து பார்த்தால்தான் தெரியும். அந்த அரை மணி நேரத்தை வைத்து முழுக் கட்டடத்தையும் இப்போதே எழுப்பப் பார்க்கிறீர்கள். என் கவலை அதுதான்.

தாத்தாவுக்கும் கோபம் இருந்தது

கடிதம் முழுக்க ஒரு எண்ணம் ஓடுகிறது: தாத்தா காலத்தில் விசுவாசம் பாறை மாதிரி இருந்தது, அப்பா காலத்தில் விரிசல் விட்டது, உங்கள் தலைமுறையில் மண்ணாகிப்போனது. இது அழகான சித்திரம். ஆனால் நம் ஊர்ச் சரித்திரம் இப்படி இல்லை.

உங்கள் ஊரிலிருந்து முதலூர் எத்தனை கிலோமீட்டர்? மஸ்கோத் அல்வாவுக்காக எத்தனை தடவை போயிருப்பீர்கள். 1799-ல் அந்த ஊர் எதற்காக உண்டானது? புதிதாகக் கிறிஸ்தவர்களானவர்களை அவரவர் ஊரில் இருக்கவிடவில்லை. அடித்தார்கள், விரட்டினார்கள். ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்று நிலம் வாங்கிக் குடியேறி, முதல் ஊர் என்று பேர் வைத்தார்கள். அவர்கள் கையில் இருந்தது பாறை போன்ற நிச்சயம் என்றா நினைக்கிறீர்கள்? பயமும் பட்டினியும் போகப் போக்கிடம் இல்லாமையும்தான் நிறைய இருந்திருக்கும். அதற்கு நடுவில் விசுவாசமும் இருந்தது.

சபைச் சண்டை விஷயத்துக்கு வருவோம். அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளையைப் பற்றி உங்கள் அப்பா சொல்லியிருக்கிறாரா? நாசரேத் பக்கத்துக்காரர், மிஷனில் வேலை பார்த்தவர், நன்றாகப் படித்தவர். வெள்ளைக்கார மிஷனரிகள் தங்களை நடத்திய விதமும் நாடார்களைப் பற்றி எழுதியவையும் பொறுக்காமல், 1857-ல் பிரகாசபுரத்தில் இந்து கிறிஸ்தவ சபை என்று தனியாகவே ஒரு சபையைத் தொடங்கிவிட்டார். அவர் மல்லுக்கு நின்றது கால்டுவெல்லோடு! அந்தக் கால்டுவெல் இடையன்குடியில் 1847-ல் ஆரம்பித்த கோயிலோ முடிந்து பிரதிஷ்டையாக 1880 ஆகிவிட்டது. சண்டை ஒரு பக்கம் நடந்தது, வேலை ஒரு பக்கம் நடந்தது. கமிட்டித் தேர்தலில் நாற்காலி பறந்ததை இதைச் சொல்லி நான் நியாயப்படுத்தவில்லை. அது அசிங்கம்தான். 19 வயதுப் பிள்ளை அதைப் பார்த்து வெளியே போனதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கறையே படாத ஒரு காலத்துக்குத் திரும்பிப் போவதாக நீங்கள் நினைத்தால், முதல் கறையைப் பார்த்ததும் மறுபடி வெளியே வந்துவிடுவீர்கள். டயோசிஸ் தேர்தலும் கோர்ட் வழக்கும் இன்றைக்கும் இருக்கின்றன. கண்ணைத் திறந்துகொண்டே போங்கள்.

மெரினாவையும் கம்பெனியையும் பற்றி எழுதியபோது, "மூன்று தடவை ஏமாந்தேன்" என்கிறீர்கள். மெரினாவில் நீங்கள் ஏமாந்ததாக எனக்குத் தோன்றவில்லை. முன்பின் தெரியாதவர்கள் தண்ணீர்ப் பாட்டிலைக் கைமாற்றிக் கொடுத்ததை அரைப்பக்கம் எழுதியிருக்கிறீர்களே, அது பொய்யா? அதன்மேல் நீங்கள் ஏற்றிய பாரம்தான் அதிகம். கம்பெனியின் மேலும் அப்படித்தான். சம்பளம் தருகிற இடத்திடம் போய், நான் யார் என்பதையும் நீயே சொல்லு என்று கேட்டோம். உங்கள் தலைமுறைக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது என் தலைமுறைதான். "இன்ஜினீயர் ஆயிட்டா போதும்" என்று வாக்குத்தத்தம் கொடுத்தவர்கள் நாங்கள். இப்போது அதே பாரத்தை அப்படியே தூக்கி ஒரு பாஸ்டர் தலையில் வைக்கிறீர்கள்.

மழை யார் வீட்டில் பெய்தது

அஸ்திபாரம், அஸ்திபாரம் என்று கடிதத்தில் பதினான்கு இடத்தில் வருகிறது, எண்ணினேன். கன்மலையின் மேல் வீடு கட்டினவன், மணலின் மேல் கட்டினவன் கதையைச் சொல்லி, "நான் மணலில் கட்டியதால்தான் வேலை போனது" என்று எழுதியிருக்கிறீர்கள்.

மத்தேயுவில் மறுபடி ஒருமுறை பாருங்கள். பெருமழை, பெருவெள்ளம், காற்று, மூன்றும் இரண்டு வீட்டுக்கும் வருகின்றன. கன்மலைக்காரனுக்கு வெயில் அடித்ததாக அங்கே இல்லை. ஆகவே மழை பெய்ததை வைத்து, இது மணல் வீடு என்று யாரும் சொல்ல முடியாது. நீங்கள் இத்தனை வருடமும் தவறாமல் கோயிலுக்குப் போயிருந்தாலும் அந்தக் கம்பெனி அந்த வீடியோ அழைப்பை நடத்தியிருக்கும். அன்றைக்கு உங்களோடு வேலை போனவர்களில் விசுவாசிகளும் இருந்தார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் எதில் பின்மாறினார்கள்?

இதைச் சும்மா வேதபாட விவாதமாகச் சொல்லவில்லை, என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட. கென்னத் பார்கமென்ட் என்ற அமெரிக்க உளவியலாளர், கஷ்டகாலத்தில் மனிதர்கள் மதத்தை எப்படிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று நெடுங்காலம் ஆராய்ந்தவர். கடவுள் என்னோடு இருக்கிறார், சபை என்னைத் தாங்குகிறது என்று எடுத்துக்கொள்கிறவர்களுக்கு விசுவாசம் பெரும்பாலும் தெம்பு தருகிறது. கடவுள் என்னைத் தண்டிக்கிறார், கைவிட்டுவிட்டார் என்று எடுத்துக்கொள்கிறவர்களிடம் மனச்சோர்வு அதிகமாகக் காணப்படுகிறது. ஒரே வேதாகமம், ஒரே ஜெபம், ஆனால் ஒருவருக்கு மருந்து, இன்னொருவருக்கு விஷம். பாஸ்டர் சொன்ன 'சிட்சை' என்ற வார்த்தை உங்களை இரண்டாவது வரிசையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. வேதாகமத்தில் எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் சிநேகிதர்களும் அதைத்தான் செய்தார்கள்: நீ ஏதோ செய்திருக்கிறாய், அதான் இப்படி. கதையின் முடிவில் கர்த்தருக்குக் கோபம் வருவது யோபுவின் மேல் இல்லை, அந்தச் சிநேகிதர்கள் மேல்தான்.

லூக்காவில் இதே கதையில் ஒரு வார்த்தை கூடுதலாக வரும்: 'ஆழமாய்த் தோண்டி'. நம் பக்கத்துக் கொத்தனார்கள் அஸ்திவாரக் குழியை என்ன சொல்வார்கள்? வானம். "இன்னைக்கு வானம் தோண்டுறோம்" என்பார்கள். மேலே இருக்கிற வானத்துக்கும் அதே சொல்தான். யார் வைத்த பேரோ, ரசித்துக்கொள்வேன். உங்கள் தேரிக்காட்டு மண்ணில் வானம் தோண்டுவதை நின்று பார்த்திருப்பீர்கள். ஒரு அடி தோண்டினால் அரை அடி சரியும். அவசரப்பட்டால் குழி மூடிக்கொள்ளும். நீங்கள் தோண்ட வேண்டிய மண் எது என்று எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்: அப்பாவுக்காக அழ வேண்டியது இன்னும் பாக்கி, வேலை போன அவமானம், 19 வயதில் வந்த கோபம். இதையெல்லாம் வெளியே எடுக்காமல், மேலே ஒரு சாட்சி சொல்லிக் காங்கிரீட் போட்டு மூடினால் அது எத்தனை நாள் தாங்கும்? கோபத்தோடு ஜெபிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சங்கீதப் புத்தகத்தில் 88-ஆம் சங்கீதம் கதறலில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. கடைசியில்கூட ஒரு ஸ்தோத்திரம் இல்லை. அதையும் வேதாகமத்தில் சேர்த்துத்தானே வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் இருக்கிற இன்னொரு மனச்சாட்சி

உங்கள் மனைவி விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசப்போகிறேன்.

உங்களுடையது 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதிவு செய்த திருமணம். அந்தச் சட்டத்தின் அழகே, இரண்டு பேரும் அவரவர் மதத்திலேயே இருந்து கணவன் மனைவியாக வாழலாம் என்பதுதான். நீங்கள் இப்போது தீவிரமாகக் கோயிலுக்குப் போவதால் திருமணம் செல்லாமல் போகாது. அவர் ஞானஸ்நானம் எடுக்காததாலும் ஒன்றும் ஆகாது. "சட்டப்படி இப்போது என்ன நிலை?" என்று குழம்பியிருக்கிறீர்கள், குழப்பமே வேண்டாம். நீங்கள் திரும்பி வருவதற்கு அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு தருகிற மனச்சாட்சிச் சுதந்திரம், வராமல் இருப்பதற்கு அவருக்கும் உண்டு. ஆனால் விடாமல் வற்புறுத்தி, 'உன்னால்தான் ஆசீர்வாதம் தடைப்படுகிறது' என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தால், அது மனரீதியான கொடுமை என்று ஒருநாள் நீதிமன்றத்தில் வந்து நிற்கலாம். அந்த அளவுக்குப் போகாது என்று நம்புகிறேன். என்றாலும் சொல்லிவைக்க வேண்டியது என் கடமை.

'அந்நிய நுகம்' வசனத்தைப் பாஸ்டர் காட்டினார் என்கிறீர்கள். அதே பவுல் அதே கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், ஏழாம் அதிகாரத்தில், விசுவாசத்துக்குள் வராத மனைவி கூட வாழ்வதற்குச் சம்மதித்தால் அவளைத் தள்ளிவிடக்கூடாது என்கிறார். அதை அவர் ஏன் காட்டவில்லை என்று கேளுங்கள். உங்கள் மனைவி சம்மதம் மட்டுமா கொடுத்தார்? வேலை இல்லாத ஐந்து மாதமும் தன் சம்பளத்தில் இ.எம்.ஐ. கட்டினார், மாத்திரை நேரத்துக்கு அலாரம் வைத்தார். நீங்களே எழுதியதுதான் இது. அவரைத் தடை என்று ஒருவர் சொல்கிறார், நீங்களும் கேட்டுக்கொண்டு வருகிறீர்கள்.

மகள் ஞானஸ்நானம் அம்மாவும் அப்பாவும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. ஒருவர் அழுதுகொண்டு நிற்க, இன்னொருவர் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கிற காரியம் வேண்டாம். இப்போதைக்கு, ராத்திரி அவளைத் தூங்க வைக்கும்போது தாத்தா பாடிய கீர்த்தனையைப் பாடிக் காட்டுங்கள். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். உங்கள் மனைவிகூடக் கதவோரம் நின்று கேட்பார்.

ராஜினாமா, பி.எஃப்., 'விதை'

இதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அடுத்த ஆறு மாதத்துக்கு, திரும்பப் பெற முடியாத எந்த முடிவும் எடுக்க வேண்டாம். வேலையை விடுவது, பி.எஃப். எடுப்பது, ஃபிளாட்டை விற்பது எல்லாம் இதில் அடங்கும். மனச்சோர்வுக்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர்கள் எல்லோரிடமும் இதையேதான் சொல்வேன், அவர்கள் சன்னியாசம் போகிறேன் என்றாலும் சரி, ஹோட்டல் ஆரம்பிக்கிறேன் என்றாலும் சரி. ஊழிய அழைப்பு உண்மையானதாக இருந்தால் ஆறு மாதத்தில் கெட்டுப்போகாது. சனி ஞாயிறில் செய்து பாருங்கள். உங்கள் பி.எஃப். பணத்தின் மேல் மனைவிக்கும் மகளுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. காணிக்கை போடுங்கள், ஆனால் மாதச் செலவு போக மனைவிக்குத் தெரிந்து போடுங்கள். போட்ட பணத்துக்குப் பலமடங்கு திரும்பி வரும் என்று ஒருவர் சொன்னால் அங்கே கணக்கு நோட்டைக் கேளுங்கள். கேட்டதும் முகம் மாறினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பேச்சோடு பேச்சாக: 11 வருடம் ஒரே இடத்தில் வேலை பார்த்திருக்கிறீர்கள், பணிக்கொடை (கிராஜுவிட்டி) சட்டப்படி உங்களுக்கு வர வேண்டியது. வந்ததா என்று கடிதத்தில் இல்லை. வரவில்லை என்றால் அதை முதலில் கேளுங்கள்.

அந்தச் சபையை விடு, இந்தச் சபைக்குப் போ என்று நான் சொல்லப்போவதில்லை. சுயாதீன சபைகளிலும் நல்ல மேய்ப்பர்களைப் பார்த்திருக்கிறேன், பழைய சபைகளிலும் வெறும் அங்கியைப் பார்த்திருக்கிறேன். டாக்டரிடம் போகிறேன் என்றால் அங்குள்ள பாஸ்டர் என்ன சொல்கிறார், மனைவியை வீட்டுக்கு வந்து பார்த்தால் மரியாதையாகப் பேசுகிறாரா, சந்தேகம் கேட்டால் பதில் சொல்கிறாரா, பயம் காட்டுகிறாரா, இவற்றைப் பாருங்கள். பாதி நாள் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் வந்துவிடக்கூடிய ஓர் இடமாக இருந்தால் நல்லது. என் வீட்டுக்காரர் தவறிய வருடம் எனக்கு ஜெபமே வரவில்லை. ஒரு வருடம் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஏன் பாடவில்லை என்று யாரும் கேட்கவில்லை. மணியடிக்கிற அண்ணன் மட்டும் தினமும் என் பக்கத்து ஃபேனைப் போட்டுவிட்டுப் போவார்.

இதுவாவது நிற்குமா என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியாது தம்பி. பிள்ளைக்குச் சுகம் வேண்டி இயேசுவிடம் வந்த ஒரு தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்கிறான். அவன் பிள்ளை சுகமானான். அவன் அவிசுவாசம் முழுக்க நீங்கியதா என்று மாற்கு எழுதவில்லை.

உங்கள் எட்டாம் பக்கத்தில் ஒன்றரை வரியில் கடந்துபோன ஒரு காட்சி இருக்கிறது. அசனத்தில் உங்கள் இலையில் சோறு போட்டது யார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வாத்தியார். அன்றைக்கு நாற்காலி தூக்கியவர். இப்போது வயதாகி, கரண்டி பிடித்த கை நடுங்குகிறது, உங்களை யாரென்று தெரியாமல், "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா தம்பி?" என்று கேட்டிருக்கிறார். நீங்கள் தலையை ஆட்டியிருக்கிறீர்கள், அவர் வைத்திருக்கிறார், நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள். ஒன்பது பக்கத்தில் நான் அதிக நேரம் நின்றது அந்த ஒன்றரை வரியில்தான்.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஞானஸ்நானத்துக்காக இல்லை, சும்மா விருந்தாளியாக. போகிற வழியில் முதலூரில் இறங்கி அரைக்கிலோ மஸ்கோத் அல்வா வாங்கி, அந்த வாத்தியார் வீட்டுக்கு ஒரு நடை போய்வாருங்கள். நீங்கள் யாருடைய மகன் என்று சொல்லுங்கள். அவர் என்ன பேசுகிறார் என்று கேட்டுவிட்டு, முடிந்தால் எனக்கும் எழுதுங்கள். அதற்கு முன்னால், நாளைக் காலையில் டாக்டருக்குப் போன்.